நாய் டப்பாவின் பின்பக்கம்: ஒன்றரை நூற்றாண்டுக் கதை

1. போன வாரம் எங்க தெரு அண்ணன் ஒருத்தர் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். பளபளன்னு ஒரு நாய் உணவு பாக்கெட். "வெட் ஃபுட்"னு கடையில் சொல்வாங்களே, அந்த கிரேவி வகை. "டாக்டர் தம்பி, நம்ம லேப்ரடாருக்கு நாலு வயசு. இதைக் கொடுக்கலாமா? படத்துல கறித்துண்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு"ன்னு கேட்டிருந்தார்.

2. நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். அரசு ஆஸ்பத்திரியில் நாய் சம்பந்தமா என்கிட்ட வர்றது நாய்க்கடி கேஸ் மட்டும்தான். "கால்நடை மருத்துவரைக் கேளுங்கண்ணே"ன்னு பதில் போட்டேன். ஆனா "படத்துல நல்லாத்தான் இருக்கு"ங்கிற அந்த ஒரு வரி மனசுல நின்னுடுச்சு. ஏன்னா நாய் டப்பாவின் வரலாறே அந்த வரியில்தான் இருக்கு. அதில் சிறுநீரகமும் வரும், கைக்குழந்தைகளும் வருவாங்க. நிதானமா படிங்க.

3. முதலில் ஒரு அடிப்படை. கடையில் விற்கிற நாய் உணவு என்பதற்கு வயசு ரொம்பக் குறைவு. மனிதனோடு நாய் பல்லாயிரம் வருஷமா வாழுது. அத்தனை காலமும் அது தின்றது நம்ம மிச்சம் மீதி. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் செத்துப்போன வண்டிக்குதிரைகளின் இறைச்சியை வேகவைத்து, தெருத்தெருவா வண்டியில் விற்பாங்க. நாய்க்கும் பூனைக்கும் அதுதான் விருந்து.

4. அந்த லண்டனுக்கு அமெரிக்காவில் இருந்து வந்தவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் வீசிய கெட்டி பிஸ்கட்டை நாய்கள் பாய்ந்து தின்பதைப் பார்த்துதான் அவருக்கு யோசனை வந்ததாகச் சொல்வார்கள். 1860 வாக்கில் கோதுமை, பீட்ரூட், காய்கறி, உலர்ந்த மாட்டிறைச்சி சேர்த்து நாய் பிஸ்கட் போட்டு விற்றார். இந்தத் தொழிலின் பிள்ளையார் சுழி அது.

5. அந்த இறைச்சி எங்கிருந்து வருது, எந்த மாதிரி இறைச்சி? ஸ்ப்ராட் கடைசிவரை வெளியே சொல்லவில்லை. வேட்டை நாய் வளர்த்த பணக்கார இங்கிலீஷ்காரர்களும் கேட்டுக் குடையவில்லை. விளம்பரம் பிரமாதமா இருந்தது, நாயும் தின்றது. போதாதா? உள்ளே என்ன இருக்குன்னு தெரியாமலே வாங்குற பழக்கம், தொழில் பிறந்த அன்றைக்கே சேர்ந்து பிறந்தது.

6. இப்ப ஈரமான டப்பா உணவுக்கு வருவோம். முதல் உலகப் போர் முடிந்த சமயம். அமெரிக்காவில் காரும் டிராக்டரும் வந்து குதிரைக்கு வேலை இல்லாமல் போனது. லட்சக்கணக்கான குதிரைகள் யாருக்கும் வேண்டாத சுமை. 1922-இல் இல்லினாய் மாநிலம் ராக்ஃபோர்டில் சாப்பல் சகோதரர்கள் அந்தக் குதிரை இறைச்சியை டப்பாவில் அடைத்து நாய்க்கு விற்கத் தொடங்கினார்கள். பெயர் கென்-எல் ரேஷன்.

7. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ரின் டின் டின் என்ற சினிமா நாயின் பெயரில் வந்த வானொலித் தொடருக்கு இவர்கள்தான் ஸ்பான்சர். மேற்கு மாநிலங்களின் புல்வெளியில் திரிந்த குதிரைகள் ரயில் ஏறி ராக்ஃபோர்டுக்கு வந்தன. மனம் பொறுக்காத ஒருவர் அந்தத் தொழிற்சாலைக்கு வெடி வைக்கவே முயன்றார். ஒரு பக்கம் டப்பா மேல நாய்ப் பாசம், இன்னொரு பக்கம் உள்ளே குதிரை.

8. ஏன் இவ்வளவு ஓடியது? சூட்சுமம் எளிமையானது. ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மென்மையா இருக்கும், வாசனை தூக்கும். நாய் மூக்கால் சாப்பிடும் பிராணி. டப்பாவை மூடிய பிறகு நீராவி அழுத்தத்தில் வேகவைத்து விடுவதால் கிருமி இருக்காது, மாசக்கணக்கில் கெடாது. நம்ம ஆபரேஷன் தியேட்டரில் கருவிகளை ஆட்டோகிளேவில் வைக்கிற அதே தத்துவம்தான்.

9. ஆனா இரண்டாம் உலகப் போர் வந்தது. மலேயாவின் வெள்ளீயச் சுரங்கங்கள் ஜப்பான் கைக்குப் போயின. ராணுவத்துக்கே தகரம் பத்தவில்லை. 1942-இல் அமெரிக்காவில் நாய் உணவுக்கு டப்பா கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அதுவரை சந்தையை ஆண்டுகொண்டிருந்த ஈர உணவு ஒரே வருஷத்தில் காணாமல் போய், அட்டைப்பெட்டியில் வந்த உலர் உணவு அந்த இடத்தில் உட்கார்ந்தது.

10. போர் முடிந்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை. 1950-களில் பியூரினா நிறுவனம் காலை உணவு சீரியல் செய்கிற இயந்திரத்தில் நாய் உணவைச் செய்து பார்த்தது. மாவை நீராவியில் வேகவைத்து அச்சு வழியா அழுத்தித் தள்ளினால் பொரிந்து வரும். முறுக்கு உரலை நினைச்சுக்கோங்க. இன்னிக்கு நாம மூட்டையில் வாங்குகிற கொரகொர உருண்டை அதுதான். ஆக, உலர் உணவு ஜெயித்ததற்கு முதல் காரணம் நாயின் ஆரோக்கியம் இல்லை. தகரத் தட்டுப்பாடு.

11. இதுவரை கதையில் ஒரு டாக்டர்கூட வரலையேன்னு கேட்பீங்க. வர்றார். நியூஜெர்சியில் கால்நடை மருத்துவர் மார்க் மோரிஸ். 1939-இல் அவரிடம் ஒரு நாய் வந்தது. பெயர் படி. ஜெர்மன் ஷெப்பர்ட். அதன் எஜமானர் மோரிஸ் ஃபிராங்க், பார்வையற்றவர். அமெரிக்காவில் வழிகாட்டி நாய் இயக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். தன் வழிகாட்டி நாய்களுக்கெல்லாம் படி என்றே பெயர் வைத்தவர்.

12. படிக்கு சிறுநீரகம் செயலிழந்து கொண்டிருந்தது. மோரிஸ் யோசித்தார். புரதம் உடைந்தால் யூரியா வரும். யூரியாவை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அது களைத்துப் போயிருக்கும்போது வேலையைக் குறைத்துக் கொடுத்தால் என்ன? புரதத்தின் அளவைக் குறைத்து, தரமான புரதமாகப் பார்த்து, உப்பைக் குறைத்து ஒரு ஈர உணவு செய்தார். கிரியாட்டினின் ஏறிய நோயாளிக்கு நாங்க சாப்பாட்டில் சொல்கிற கட்டுப்பாட்டின் அதே அடிப்படை.

13. முதலில் வீட்டுச் சமையலறையில் செய்து கண்ணாடி ஜாடியில் அடைத்துக் கொடுத்தார்கள். ஃபிராங்க் ஊர் ஊரா பயணம் போகிறவர். ஜாடிகள் வழியிலேயே உடைந்தன. அப்புறம்தான் டப்பாவில் அடைக்க ஆரம்பித்தார்கள். 1948-இல் கான்சாஸ் மாநிலத்தின் ஹில் பேக்கிங் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். கெனைன் கே/டி என்ற பெயரில் அந்த உணவு இன்றும் விற்கிறது.

14. வித்தியாசம் புரியுதா? ஸ்ப்ராட் "என்ன விற்கும்?"னு கேட்டார். சாப்பல் "எது மிச்சமா கிடக்குது?"னு கேட்டார். "இந்த உடம்புக்கு என்ன வேணும்?"னு கேட்டவர் மோரிஸ். நல்ல டப்பாவுக்கும் வெறும் டப்பாவுக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கேள்விதான்.

15. பதில் எப்பவும் "நிறைய கறி" இல்லை என்பதையும் சொல்லிடறேன். ஒரு காலத்தில் "முழுக்க முழுக்க கறி"ன்னு அமெரிக்காவில் டப்பா உணவுக்கு விளம்பரம் தூள் பறந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. கறியை மட்டுமே தொடர்ந்து கொடுத்தால் உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து உருவும். பாராதைராய்டு சுரப்பி அதைச் செய்ய வைக்கும். எலும்பு மெலியும். காட்டில் ஓநாய் வெறும் கறித்துண்டு தின்பதில்லை. எலும்பு, ஈரல், குடல் எல்லாம் சேர்த்துத்தான் தின்கிறது.

16. இந்தக் குழப்பங்களை எல்லாம் கடந்துதான் "கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு" என்ற வாசகம் வந்தது. இந்த உணவை மட்டுமே கொடுத்தாலும் நாய்க்கு வேண்டிய எல்லாச் சத்தும் சரியான விகிதத்தில் கிடைக்கும் என்று அர்த்தம். அமெரிக்காவில் இதற்கான அளவுகளை வகுப்பது ஆஃப்கோ, 1909-இல் தொடங்கிய தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கம். ஒன்று கவனிங்க. ஆஃப்கோ எந்த உணவையும் சோதித்து "ஓகே" முத்திரை குத்துவதில்லை. அளவுகோலைக் கொடுக்கும். அதன்படி செய்தோம்னு சொல்வது கம்பெனி.

17. இப்ப 2007-க்கு வருவோம். கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம். பெயர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, அமெரிக்கர்களே பலர் கேள்விப்பட்டதில்லை. ஏன்னா அவர்கள் மற்றவர்களின் பிராண்டுக்குத்தான் டப்பா தயாரித்துக் கொடுத்தார்கள். விலை உயர்ந்த பிராண்டும், சூப்பர் மார்க்கெட்டின் மலிவு பிராண்டும் ஒரே ஆலையில் இருந்து போயின. லேபிள்தான் வேறு வேறு.

18. அந்த வருஷத் தொடக்கத்தில் நாய்களும் பூனைகளும் சாப்பிட மறுத்து, வாந்தி எடுத்து, சிறுநீரகம் செயலிழந்து விழுந்தன. நிறுவனம் வழக்கமாக நடத்தும் ருசி சோதனையிலேயே விலங்குகள் இறந்தன. மார்ச் 16 அன்று சுமார் 6 கோடி டப்பாக்களையும் பாக்கெட்டுகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். பெரும்பாலும் எந்த வகை தெரியுமா? கிரேவியில் கறித்துண்டு மிதக்குற ஈர உணவு. அண்ணன் அனுப்பிய போட்டோவில் இருந்த அதே வகை.

19. காரணம் தேடும் படலம் ஒரு துப்பறியும் கதை. முதலில் அமினோப்டெரின்னு ஒரு பொருளைக் கண்டதாகச் சொன்னார்கள். நாங்க மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட்டின் அண்ணன் முறை. ஆனா நாய்களின் நோய்க்குறிகள் அதோடு பொருந்தவில்லை. மார்ச் 30-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ வேறு பெயரை அறிவித்தது. மெலமைன். ஆமாம், நம்ம வீட்டு உடையாத தட்டு செய்கிற பிளாஸ்டிக்கின் மூலப்பொருள்.

20. தட்டு செய்கிற பொருள் கிரேவிக்குள் எப்படி வந்தது? கிரேவியைக் கெட்டியாக்கவும் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கவும் கோதுமைப் புரதம் போடுவார்கள். அது சீனாவில் இருந்து வந்தது. புரதம் அதிகம் இருந்தால் விலை அதிகம். அந்தப் புரதத்தை எப்படி அளக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

21. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆய்வகத்தின் வேதியியலாளர் ஜொஹான் கெல்டால் 1883-இல் ஒரு முறை கண்டுபிடித்தார். புரதத்தை நேரடியா அளக்க மாட்டோம். உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவோம். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் கணக்கு சரியா வரும். நேர்மையானவன் கையில் அருமையான முறை.

22. மெலமைனில் நைட்ரஜன் 66 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கிலோ மெலமைனைக் கலந்தால் சோதனையில் நாலு கிலோவுக்கு மேல் "புரதம்" காட்டும். உண்மையில் ஒரு கிராம் புரதம்கூட இல்லை. பாலில் தண்ணீர் ஊற்றுகிறவன், லாக்டோமீட்டரை ஏமாற்ற இன்னொன்றையும் கலப்பானே, அதே வேலை.

23. மெலமைன் தனியா உள்ளே போனால் விஷத்தன்மை குறைவுதான். ஆனா அந்தச் சரக்கில் சயனூரிக் அமிலமும் இருந்தது. இரண்டும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கரையாத படிகமாகிவிடும். குழாய் அடைபடும். சிறுநீரகம் நிற்கும். நாய்கள் செத்தது இப்படித்தான். உரிமையாளர்கள் புகார் செய்த மரணங்கள் ஆயிரக்கணக்கில். ஆய்வில் உறுதி செய்யப்பட்டவை சொற்பமே.

24. இதில் வேதனை என்ன தெரியுமா? இது முதல் முறையே இல்லை. 2004-இல் ஆசிய நாடுகளில் இதே போல நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அப்போது பூஞ்சை நச்சு என்று நினைத்தார்கள். 2007-க்குப் பிறகு பழைய திசுக்களை எடுத்துப் பார்த்தால் அதே படிகங்கள். மூன்று வருஷம் முன்னாடியே மணி அடித்திருக்கிறது. யாருக்கும் கேட்கவில்லை.

25. அடுத்தது 2008. சீனாவில் சான்லு உள்ளிட்ட நிறுவனங்களின் குழந்தைப் பால் பவுடரில் மெலமைன். அதே தந்திரம், பாலில் தண்ணீர் கலந்து புரதக் கணக்கைச் சரிக்கட்ட. கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்தார்கள். கைக்குழந்தையின் சிறுநீரில் இயல்பாகவே யூரிக் அமிலம் அதிகம். மெலமைன் அதோடு சேர்ந்து கல்லானது. பேசத் தெரியாத பிஞ்சுகளின் சிறுநீரகத்தில் கல்.

26. நாயும் பேசாது, கைக்குழந்தையும் பேசாது. இரண்டுக்கும் தினமும் ஒரே டப்பாவில் இருந்துதான் சாப்பாடு. நமக்கு இன்னிக்கு இட்லி, நாளைக்கு தோசை, ஒன்றில் கோளாறு இருந்தாலும் மற்றது ஈடுகட்டும். அவற்றுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அதனால் ஒரே டப்பாவை நம்பி வாழும் உயிருக்கு அந்த டப்பாவைப் படிக்க வேண்டிய கடமை நமக்கு. 2011-இல் அமெரிக்கா உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது விலங்கு உணவையும் அதற்குள் கொண்டுவந்தது. அது நாய்கள் கொடுத்த பாடம்.

27. சரி, கடைக்குப் போறீங்க. வளர்ந்த நாய்க்கு ஈர உணவு எடுக்கணும். பாக்கெட்டைத் திருப்புங்க. முதலில் தேட வேண்டியது "கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு", அதோடு "அடல்ட்" அல்லது "மெயின்டனன்ஸ்" என்ற சொல். "காம்ப்ளிமென்டரி", "சப்ளிமென்டல்", "ட்ரீட்" என்று இருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும். அதையே சாப்பாடாக்கக் கூடாது.

28. அடுத்து பெயர். ஆஃப்கோ விதிப்படி பெயரில் வெறும் "சிக்கன்" என்றால், சேர்த்த தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் 95 சதவீதம் சிக்கன் இருக்கணும். "சிக்கன் டின்னர்" என்றால் 25 சதவீதம் போதும். "வித் சிக்கன்" என்றால் 3 சதவீதம். "சிக்கன் ஃப்ளேவர்" என்றால் வாசனை தெரிந்தால் போதும். ஒரே ஒரு வார்த்தை, எவ்வளவு வித்தியாசம் பாருங்க. இது அமெரிக்க விதி. ஆனா படிக்கும் கண் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

29. மூன்றாவது, புரதக் கணக்கு. ஈர உணவில் "புரதம் 8 சதவீதம்", உலர் உணவில் "22 சதவீதம்" என்று போட்டிருக்கும். உடனே உலர்தான் சிறந்ததுன்னு முடிவு கட்டாதீங்க. ஈர உணவில் 82 சதவீதம் தண்ணீர் என்றால் மீதி 18. எட்டை 18-ஆல் வகுத்தால் 44 சதவீதம். உலர் உணவில் தண்ணீர் 10, மீதி 90. 22-ஐ 90-ஆல் வகுத்தால் 24 சதவீதம். தண்ணீரைக் கழிச்சுட்டுத்தான் ஒப்பிடணும்.

30. நாலாவது, கலோரி. 30 கிலோ எடையுள்ள, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு நாளைக்குச் சுமாராக 1,400 கலோரி வேணும். 80 கிராம் கிரேவி பாக்கெட்டில் 70 கலோரி என்று இருந்தால், அதை மட்டும் கொடுக்க நாளைக்கு 20 பாக்கெட்! பர்ஸ் தாங்காது. அதனால் பலரும் உலர் உணவோடு கலந்து கொடுக்கிறார்கள். தப்பில்லை. ஆனா பாக்கெட் கூடினால் உருண்டையைக் குறைக்கணும். இல்லைன்னா நாய் உப்பிவிடும், லேப்ரடார் இன்னும் சீக்கிரம்.

31. ஐந்தாவது, யார் தயாரித்தது, எங்கே, பேட்ச் எண், தேதி. மெனு ஃபுட்ஸ் சொல்லித்தந்த பாடம் இது. விலையும் பிராண்டும் உத்தரவாதம் இல்லை. பேட்ச் எண்ணைப் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. நாளைக்குப் பிரச்சனை வந்தால் அதுதான் ஆதாரம். பொருள் பட்டியலில் "பை-ப்ராடக்ட்" என்று பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ஈரலும் குடலும் நாமே ருசிச்சுச் சாப்பிடுறதுதானே!

32. திறந்த பாக்கெட்டை வெளியே வைக்காதீங்க. மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் முடிச்சிடுங்க. பாக்கெட் கிரேவி வேண்டாம்னு நம்ம வீட்டுக் குழம்பை ஊற்றுவதும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வயசான நாய், சிறுநீரகம், ஈரல், கணையத்தில் பிரச்சனை உள்ள நாய் என்றால் கடைக்காரரையும் கேட்காதீங்க, என்னையும் கேட்காதீங்க. கால்நடை மருத்துவரைப் பாருங்க.

33. இதையெல்லாம் அண்ணனுக்கு ஃபோனில் சொன்னேன். பாக்கெட்டைத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கிட்டு, எழுத்துக்கூட்டிப் படிச்சார். "தம்பி, இதுல காம்ப்ளிமென்டரின்னுல்ல போட்டிருக்கு?"ன்னார். ஒரு வாரமா ராத்திரிச் சாப்பாடே அதுதானாம்! இப்ப உருண்டை மேல ஒரு கரண்டி ஊற்றுவதோடு நிறுத்திட்டார். நாய்க்குக் கொஞ்சம் கோபமாம்.

34. படம் பாக்கெட்டின் முன்பக்கத்தில் இருக்கும். சேதி பின்பக்கத்தில் இருக்கும். நாய்க்குப் படிக்கத் தெரியாது. நமக்குத் தெரியும். அடுத்த முறை உங்க வீட்டுப் பால் பவுடர் டப்பாவையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்க.

நாய் வளர்க்கும் நண்பர்களுக்குப் பகிருங்கள். அப்படியே நாய்க்கு ரேபீஸ் தடுப்பூசி தேதி எப்போன்னும் பார்த்திடுங்க.